சிரமம் தரும் சந்தோஷம்

குரங்கின் கையில் பூட்டைக் கொடுத்தால் என்ன செய்யும்? பிய்த்து எறியும் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹாரி ஹார்லோ இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் கொடுத்தது ஒரு விசித்திரப் பூட்டு. முதலில் ஆணியை உருவ வேண்டும். பிறகு கொக்கியைக் கழற்ற வேண்டும். அதன் பின்பே தகட்டைத் தூக்கலாம். திறந்தாலும் உள்ளே தின்ன ஒன்றும் கிடையாது. ஆனாலும் குரங்குகள் விடவில்லை. நாள்தோறும் திறந்து திறந்து பார்த்து, அதில் கைதேர்ந்துவிட்டன!

பிறகு பூட்டில் தின்பண்டம் வைக்கப்பட்டது. இனி வேலை இன்னும் மும்முரமாக நடக்கும் என்று எண்ணுவது இயல்புதானே? நடந்ததோ வேறு. தவறுகள் பெருகின. 1950-ல் வெளியான இந்த முடிவு மனோதத்துவ நிபுணர்களைச் சிந்திக்க வைத்தது. கூலி இல்லாமலே வேலையில் ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பிள்ளைகளின் புன்னகை

சூஸன் ஹார்ட்டர் என்ற பெண்மணி 1970-களில் இதைப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். கலைத்துப் போட்ட எழுத்துக்களைச் சேர்த்துச் சொல்லாக்க வேண்டும். விடை கண்டதும் பிள்ளையின் முகத்தில் எவ்வளவு புன்னகை என்று குறித்துக்கொண்டார்கள்.

சுலபமான சொல்லுக்குச் சின்னச் சிரிப்பு. கஷ்டமான சொல் பிடிபட்டதும் முகமே மலர்ந்தது! ஆனால் அளவுக்கு மீறிக் கஷ்டமாகி, நேரம் இழுத்துக்கொண்டே போனால், விடை கிடைத்தும் மகிழ்ச்சி குறைந்தது. சுலபமும் கசக்கிறது, மலைப்பும் கசக்கிறது. இரண்டுக்கும் இடையில்தான் இனிப்பு இருக்கிறது.

மார்க்கு வந்தது, சிரிப்பு போனது

1978-ல் வெளியான அவருடைய சோதனை இன்னும் முக்கியமானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம், "இது விளையாட்டு" என்றார்கள். வேறு சிலரிடம், "இது பள்ளிக்கூட வேலை, மார்க்கு உண்டு" என்றார்கள். எந்தச் சொல் வேண்டும் என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கலாம்.

மார்க்கு என்று கேட்ட பிள்ளைகள் தங்கள் திறமைக்குக் கீழான சுலபச் சொற்களையே பொறுக்கினார்கள். மகிழ்ச்சி குறைந்தது, கவலை கூடியது. கெட்டிக்காரப் பிள்ளையும் புதுக் கணக்கைத் தொடாமல், தெரிந்த கணக்கையே போட்டுக் காட்டும் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

சிகாகோ சர்வகலாசாலையில் பணியாற்றிய மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, மலை ஏறுவோரிடமும் சதுரங்கம் ஆடுவோரிடமும் பேசி, 1975-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: வேலை திறமையைவிடச் சிறிதானால் சலிப்பு; பெரிதானால் பதற்றம்; இரண்டும் சரியாகப் பொருந்தினால் பசியும் பொழுதும் மறந்துபோகும்.

பெற்றோருக்குப் பாடம்

கோலம் கற்றுக்கொடுக்கும் தாய்க்கு இந்தத் தத்துவம் ஏற்கெனவே தெரியும். முதல் நாளே பதினைந்து புள்ளி வைக்கச் சொல்வதில்லை. ஐந்து புள்ளி கைவந்ததும் ஏழு. ஏழு வந்ததும் ஒன்பது. பெண்ணுக்கு அலுப்பும் இல்லை, அச்சமும் இல்லை.

கணக்கிலும் அப்படிச் செய்தால் என்ன? தெரிந்ததைவிட ஒரு படி மேலான கணக்கைக் கொடுத்து, "மார்க்கு கிடையாது, போட்டுப் பார்" என்று சொல்லலாம். தவறினால் திட்டாமல், இன்னொரு தடவை முயல விடலாம். விடை வரும்போது பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். எவ்வளவு கற்றிருக்கிறான் என்பதை அந்தச் சிரிப்பே சொல்லிவிடும்!