காலையில் கத்தும், பட்டறைக்குப் போனால் அடங்கும்: ‘பெல்டிங்’ சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது காரை ஸ்டார்ட் செய்தவுடன் ‘கீச்’ என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டு, ஒரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் சத்தமே வராது. அங்குள்ள போமென் இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “பெல்டிங் மாத்திடலாம்” என்பார். மாற்றிய இரண்டு வாரத்தில் அதே சத்தம் மறுபடியும் வரும்.

வாகனமோட்டிகள் பலரும் இப்படி இரண்டு மூன்று முறை பணம் கட்டி அலைகிறார்கள். விட்டுவிட்டு வரும் சத்தத்தைக் கண்டுபிடிப்பது சிரமம்தான், ஆனால் முடியாத காரியம் அல்ல. சத்தம் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதியைப் பட்டறையில் முறையாகச் சோதித்தால் போதும்.

பெல்டிங் செய்யும் வேலை

இன்ஜினின் பக்கவாட்டில், கிரேங்க் ஷாஃப்ட் முனையில் ஒரு புல்லி சுழல்கிறது. அதன்மேல் ஓடும் ரப்பர் பெல்டிங் மற்ற பாகங்களைச் சுற்ற வைக்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் அல்டர்நேட்டர், ஏர்கோன் கம்ப்ரசர், பல இன்ஜின்களில் குளிரூட்டும் நீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப், எண்ணெயில் இயங்கும் பவர் ஸ்டீரிங் இருந்தால் அதன் பம்ப் ஆகியவை அந்தப் பாகங்கள்.

பழைய புரோட்டோன் சாகா போன்ற கார்களில் தனித்தனியாக ‘வி’ வடிவ பெல்டிங்குகள் இருக்கும். பிறகு வந்த பல கார்களில் உள்பக்கம் நீள வரிகள் கொண்ட தட்டையான பெல்டிங் பயன்படுகிறது. மைவி போன்ற கார்களில் ஸ்டீரிங் மின்சாரத்தில் இயங்குவதால் அதற்கென்று பம்ப் கிடையாது. ஆகவே தன் காரில் எத்தனை பெல்டிங், எது எதைச் சுற்றுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பெல்டிங் புல்லியைச் சுற்றுவது உராய்வுப் பிடிப்பினால்தான். பிடிப்புக் குறைந்தால் ரப்பர் வழுக்கும், உடனே பிடிக்கும், மறுபடி வழுக்கும். ஒரு நொடிக்குள் இது பல நூறு முறை நடக்கும்போது ரப்பர் அதிர்ந்து கீச்சிடுகிறது. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு எழுப்பும் சத்தமும் இதே வகைதான்.

சத்தத்தில் மூன்று வகை

காது கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

முதல் வகை, நீளமாக ‘கீ…’ என்று இழுக்கும் சத்தம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் கூடும். பெல்டிங் தளர்ந்து வழுக்குகிறது என்பதற்கு இதுவே பெரும்பாலும் அடையாளம்.

இரண்டாவது வகை, குருவி கத்துவதைப் போல ‘கீச், கீச், கீச்’ என்று விட்டுவிட்டு, தாளம் தப்பாமல் வருவது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது தெளிவாகக் கேட்கும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஏதோ ஒன்று சற்றே விலகியிருந்தால் இந்தச் சத்தம் வரும்.

மூன்றாவது வகை, ‘கர்ர்’ என்று அரைக்கும் அல்லது உறுமும் சத்தம். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து இதுவும் ஏறி இறங்கும். இது பெரும்பாலும் புல்லி ஒன்றின் பேரிங் தேய்ந்ததன் அறிகுறி. பெல்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இந்தச் சத்தம் போகாது.

இதற்கெல்லாம் முன்பாக ஒன்றை உறுதிப்படுத்த வேண்டும். கார் நின்ற இடத்திலேயே ஓடும்போது சத்தம் வருகிறதா? வந்தால் இன்ஜின் பக்கம் பார்க்கலாம். கார் நகரும்போது மட்டும் வந்தால் பிரேக் பேட், சக்கர பேரிங் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். மேனுவல் காரில் கிளட்ச்சை மிதிக்கும்போதோ விடும்போதோ சத்தம் மாறினால், கோளாறு கிளட்ச் பேரிங்கில் இருக்க வாய்ப்புண்டு.

எப்போது வருகிறது என்பதே துப்பு

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கத்திச் சிறிது நேரத்தில் அடங்குகிறதா? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட அல்டர்நேட்டர் கடுமையாக உழைக்கிறது; அதைச் சுற்றுவது பெல்டிங்குக்கு அந்த நேரத்தில் கனமாக இருக்கிறது. பிடிப்புக் குறைந்த பெல்டிங் அப்போது வழுக்கும். பேட்டரி ஓரளவு நிறைந்ததும் சுமை குறையும், சத்தமும் நிற்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்தச் சத்தம் அதிக நேரம் நீடிக்கும். ஆகவே காலைச் சத்தத்துக்கு பேட்டரியையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். நல்ல நிலையில் நிறைந்திருக்கும் பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும்.

ஏர்கோன் போட்டவுடன் ஒரு ‘கீச்’ என்று வந்தால், கம்ப்ரசரைச் சுற்றும் பெல்டிங் தளர்ந்திருக்கலாம் அல்லது கம்ப்ரசரே இறுக்கமாகச் சுற்றலாம். ஏர்கோனை அணைத்தவுடன் நிற்கிறதா என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

எண்ணெய் பவர் ஸ்டீரிங் உள்ள காரில், ஸ்டீரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது கத்தினால் அந்தப் பம்ப்புக்கான பெல்டிங்கைப் பார்க்க வேண்டும்.

மழை நாளிலோ, தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்த பிறகோ, கார் கழுவிய பிறகோ மட்டும் வந்து காய்ந்ததும் நின்றுவிட்டால், பெல்டிங் வரிகள் தேய்ந்து நீரை வெளியேற்ற முடியாமல் இருக்கலாம். வழுவழுப்பாகத் தேய்ந்த டயர் மழையில் வழுக்குவதைப் போன்றதுதான் இது.

செம்மண் சாலைகளில் தினமும் ஓடும் தோட்டப்புற வேன்கள், செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ஆகியவற்றில் இன்னொரு காரணமும் உண்டு. தூசியும் மணலும் புல்லியின் பள்ளங்களில் படிந்து, ரப்பரை அரம்போல ராவிவிடும். அப்படிப்பட்ட வாகனங்களில் புது பெல்டிங் போடும் முன் புல்லிகளைச் சுத்தம் செய்யாவிட்டால் புதியதும் சீக்கிரமே கத்தத் தொடங்கும்.

இவற்றையெல்லாம் ஒரு வாரம் குறித்து வைத்துக்கொள்ளலாம். நேரம், மழையா வெயிலா, ஏர்கோன் ஓடியதா, எவ்வளவு நேரம் கத்தியது என்பது போதும். சத்தம் வரும்போது கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் பட்டறையில் விளக்குவது எளிது. காலையில் மட்டும் வரும் சத்தமாக இருந்தால், முதல் நாள் மாலையே காரைப் பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் இன்ஜின் ஆறிய நிலையில் அவர்களையே ஸ்டார்ட் செய்யச் சொல்வது மிகச் சிறந்த வழி.

தண்ணீர் சோதனை

பட்டறைகளில் பயன்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. சத்தம் வரும்போது, தெளிப்புக் குப்பியால் பெல்டிங்கின் வரியுள்ள பக்கத்தில் சிறிதளவு வெறும் தண்ணீரைத் தெளிப்பார்கள். சத்தம் சட்டென்று நின்று, சிறிது நேரத்தில் மறுபடி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். சத்தம் இன்னும் கூடினால் பெல்டிங் வழுக்குகிறது. இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டும் எந்த மாற்றமும் இல்லை என்றால் பேரிங் பக்கம் தேட வேண்டும்.

இன்ஜின் ஓடும் நிலையில் செய்யும் சோதனை என்பதால் இதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே பாதுகாப்பு. துப்பட்டா, தொங்கும் சங்கிலி, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்டிங் அருகே போகக்கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. குழாயைப் பிடித்து அல்டர்நேட்டர் மேல் தண்ணீர் பீய்ச்சுவது அறவே வேண்டாம்.

இன்ஜினை அணைத்துப் பார்க்க வேண்டியவை

சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறியபின் கைவிளக்கோடு பார்த்தால் வாகன உரிமையாளரே சிலவற்றைக் கண்டுகொள்ளலாம்.

* பெல்டிங்கின் உள்பக்கம் வெடிப்பு, கிழிசல், ஓரத்தில் நூல் பிரிதல், கண்ணாடிபோல் பளபளப்பு இருக்கிறதா?

* எண்ணெய், குளிரூட்டும் நீர், ஸ்டீரிங் எண்ணெய் ஏதாவது பட்டிருக்கிறதா? பட்டிருந்தால் ஒழுகலை முதலில் அடைக்க வேண்டும். எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

* வாட்டர் பம்ப் அருகே காய்ந்த நீர்க்கறை இருக்கிறதா? இருந்தால் பம்ப்பின் உள் அடைப்பு கசியத் தொடங்கியிருக்கலாம்.

* பெல்டிங்கின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? புல்லி விலகியிருப்பதற்கு அது சாட்சி.

வெடிப்பு இல்லாததால் பெல்டிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. பழைய வகை ரப்பர் வயதானால் வெடிக்கும். இப்போது பரவலாகப் பயன்படும் இபிடிஎம் வகை ரப்பர் வெளியே வெடிக்காமலேயே டயரைப் போலத் தேய்ந்து போகும். வரிகளின் ஆழத்தை அளவியால் பார்த்தால்தான் தெரியும்.

இறுக்கமும் பேரிங்கும்

கையால் இறுக்கும் வகை பெல்டிங் என்றால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். பல கார்களில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்குவது சரியான அளவு. துல்லியமான அளவு காரின் கையேட்டில் இருக்கும். புதிய பெல்டிங் ஓட ஓடச் சற்றே நீளும் என்பதால், இந்த வகையில் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். புது பெல்டிங் இரண்டு வாரத்தில் கத்துவதற்கு இந்த வேலையை விட்டுவிடுவதும் ஒரு காரணம்.

“கத்துது, இன்னும் இறுக்கு” என்று அளவுக்கு மீறி இறுக்கினால் சத்தம் நிற்கலாம். ஆனால் அந்த இழுப்பு முழுவதும் அல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகள் மேல் விழும். பெல்டிங்கைக் காப்பாற்றப் போய், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகத்தை இழக்க நேரிடும்.

தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள கார்களில் கையால் இறுக்க இடமில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் டென்ஷனரையே மாற்ற வேண்டும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதன் கை பெரிதாகத் துடித்தால் அது ஓய்ந்துவிட்டது என்று அறியலாம்.

பேரிங்கைச் சோதிக்க, இன்ஜினை அணைத்து பெல்டிங்கைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சொரசொரவென்று சுற்றினாலோ, ஆட்டினால் ஆடினாலோ அதுதான் குற்றவாளி. கிரேங்க் புல்லியையும் விட்டுவிடக் கூடாது. பல கார்களில் அதன் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம் இருக்கும். அது பிரிந்தால் வெளிவட்டம் கோணிக்கொண்டு ஓடும், பெல்டிங்கும் கீச்சிடும்.

இதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், பெல்டிங் இல்லாமலேயே சில நொடிகள் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றால் கோளாறு பெல்டிங் சுற்றும் பாகங்களில். நிற்காவிட்டால் வேறு இடத்தில். வாட்டர் பம்ப் ஓடாமல் இன்ஜின் சூடேறிவிடும் என்பதால் இந்தச் சோதனையை நீட்டிக்கக்கூடாது.

சோப்பும் ஸ்பிரேயும் தீர்வாகுமா?

பெல்டிங்கில் சோப்பு தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் சத்தத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி மறைக்கும். பிசுபிசுப்பான பூச்சில் தூசி ஒட்டிக்கொண்டு தேய்மானம் கூடும். சோதித்துப் பார்க்க வருபவருக்கும் உண்மையான காரணம் தெரியாமல் போய்விடும்.

அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்?

பெல்டிங் அறுந்துவிட்டால் முதலில் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். எண்ணெய் பவர் ஸ்டீரிங் என்றால் திருப்புவதற்கு மிகவும் கனக்கும். அதே பெல்டிங் வாட்டர் பம்ப்பையும் சுற்றினால் சூடு கிடுகிடுவென ஏறும். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விடும். பேட்டரி விளக்கும் சூட்டு முள்ளும் சேர்ந்து ஏறினால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே இன்ஜினை அணைப்பதுதான் வழி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

டைமிங் பெல்ட் என்பது வேறு. அது இன்ஜினுக்குள் மூடிக்குப் பின்னால் பற்களோடு ஓடுவது. பெரும்பாலும் கீச்சிடாமலேயே அறுந்துவிடும். அதைச் சத்தத்துக்காகக் காத்திராமல், கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் போதும். எந்தச் சோதனையில் இந்தக் காரணம் தெரிந்தது? டென்ஷனரையும் மற்ற புல்லிகளையும் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? பெல்டிங்கின் பின்புறம் அச்சிட்ட எண் இந்தக் காருக்கு உரியதா? கழற்றிய பழைய பாகத்தைக் காட்ட முடியுமா? நேர்மையான பட்டறைக்காரர் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார். பாகத்தைக் கையில் கொடுத்தே விளக்குவார்.

பல சிறிய கார்களுக்கு பெல்டிங் விலை சில பத்து ரிங்கிட்டில் முடிந்துவிடும். காரணம் தெரியாமல் மூன்று முறை மாற்றினால்தான் அது பெரிய செலவாகிறது. பள்ளி விடுமுறைக்கோ பண்டிகைக்கோ நெடுந்தூரம் கிளம்பும் முன், அந்தக் காலைச் சத்தத்துக்கு ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிடுவது குடும்பத்துக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.