நெஞ்சு வலிக்குக் கொடுத்த மாத்திரை, கை விழுந்தவருக்கு ஏன் இல்லை?

செப்டம்பர் 29 உலக இதய நாள். சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். நடுவில் இருக்கும் முப்பது நாளில் முகாம், பேரணி, உறுதிமொழி எல்லாம் நடந்து முடிந்துவிடும். வாசகர் கடிதங்கள் மட்டும் மேசையில் தங்கிவிடும். இந்த முறை பெரும்பாலானவை 'இதயம் காப்போம்' திட்டத்தின் 14 மாத்திரைகளைப் பற்றியவை. தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒன்று கோபமாகவே கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்றதும் துணை சுகாதார நிலையத்தில் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தன் அண்ணனுக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்தபோது அதே நர்ஸ் ஒரு மாத்திரைகூடத் தரவில்லை. ஒரு வாய் தண்ணீரும் கொடுக்க விடவில்லை. 108-ஐக் கூப்பிட்டதோடு சரி. இரண்டுமே ரத்தக்குழாய் அடைப்புதானே, ஆளைப் பார்த்துத்தான் மருந்தா?

நர்ஸ் செய்தது சரி. ஆனால் அது ஏன் சரி என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை.

மாரடைப்பு என்றால் என்ன, பக்கவாதம் என்றால் என்ன என்று மறுபடியும் பாடம் நடத்தத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் ஸ்டென்ட் வைத்திருக்கும் காலம் இது. மாத்திரைக் கவரை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். 2023 ஜூனில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அடார்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. மொத்தம் பதினான்கு. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். எட்டு கொழுப்பு மாத்திரையும் சேர்ந்து 80 மி.கி.தான், பெரிய ஆஸ்பத்திரியில் அதையே ஒரே மாத்திரையாகக் கொடுத்துவிடுவார்கள்.

அரசு மேடைகளில் இவை உயிர்காக்கும் மாத்திரைகள். கறாராகச் சொன்னால், ரத்தக்குழாய்க்குள் உருவாகிவிட்ட கட்டி வழியில் மேலும் பெருக்காமல் பார்த்துக்கொள்ளும் முதல் தவணை. கட்டியைக் கரைக்கும் வேலை இந்தப் பதினான்கில் எதற்கும் தெரியாது.

இதில் ஆஸ்பிரின் செய்யும் வேலை அலாதியானது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பின் மேல்தோல் கிழிந்தால், அதைக் காயம் என்று நினைத்துத் தட்டணுக்கள் ஓடிவருகின்றன, ஏரிக்கரை உடைந்தது கேட்டு மண்வெட்டியோடு ஓடிவரும் ஊர்க்காரர்களைப் போல. வந்து ஒட்டிய ஒவ்வொரு தட்டணுவும் த்ராம்பாக்சேன் என்ற ரசாயனத்தைக் கக்கி அடுத்ததைக் கூப்பிடுகிறது. அந்த ரசாயனத்தைத் தயாரிக்கும் நொதியில் ஆஸ்பிரின் போய் ஒட்டி, நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உடம்பின் மற்ற செல்களுக்கு இது பெரிய நஷ்டமில்லை, புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவால் அது முடியாது. அதற்கு உட்கரு கிடையாது, புதிய நொதி செய்வதற்கான செய்முறை கையில் இல்லை. ஏழிலிருந்து பத்து நாள் வரையான தன் ஆயுள் முழுக்க அது ஊமையாகவே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் தலைவலியைப் போக்கும் ஒரு மாத்திரை, ஒரு வாரத்துக்கு ரத்தத்தின் உறையும் குணத்தையே குறைத்துவிடும் ரகசியம் இதுதான். ஆஸ்பிரின் இந்த வகை ரசாயனங்களைத் தடுக்கிறது என்பதை 1971-ல் காட்டிய ஜான் வேன் 1982-ல் நோபல் பரிசு பெற்றார்.

மென்று விழுங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கடைகளில் கிடைக்கும் ஆஸ்பிரின் பலவற்றின் மேல் வயிற்றைக் காக்க ஒரு பூச்சு இருக்கும். முழுசாக விழுங்கினால் அது கரைந்து ரத்தத்தில் சேர நேரமாகும். மென்றால் நிமிடங்களில் வேலை தொடங்கிவிடும்.

எவ்வளவு உயிர் காக்கிறது? இதற்கு மேடைப் பேச்சில் விடை தேட வேண்டாம், 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு இருக்கிறது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். ஆஸ்பிரினும் இல்லாமல், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் இல்லாமல் இருந்தவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பால் இறந்தவர்கள் நூற்றுக்கு 13.2. இரண்டும் பெற்றவர்களில் 8. ஆஸ்பிரினை மட்டும் தனியாகப் பார்த்தால் 11.8 என்பது 9.4 ஆனது. அதாவது மாத்திரை விழுங்கிய நூறு பேரில் கூடுதலாகப் பிழைத்தவர்கள் இரண்டு, மூன்று பேர். சில ரூபாய் மருந்துக்கு இது பெரிய சாதனைதான். ஆனால் மாத்திரை கொடுக்கப்பட்ட எல்லோரையும் 'காப்பாற்றப்பட்டோர்' கணக்கில் சேர்க்க இது இடம் தராது. நெஞ்சு வலி என்று வருகிறவர்களில் பலருக்கு அது நெஞ்செரிச்சலாகவோ சதைப்பிடிப்பாகவோ இருக்கும். அவர்கள் மாத்திரை இல்லாமலும் வீடு திரும்பியிருப்பார்கள்.

இதே ஆய்வைப் பற்றி ஒரு வேடிக்கை. வயது, வகை என்று பிரித்துப் பிரித்துக் கணக்குப் பார்க்கச் சொல்லி நெருக்கியபோது, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பலிக்கவில்லை என்று வந்தது! அவர்கள் பார்த்தது மேல்நாட்டு ராசி என்பதால் நம்மூர் ஜோசியர்கள் தப்பித்தார்கள். எந்தக் கணக்கையும் கூறு போட்டுக்கொண்டே போனால் எதையும் நிரூபிக்கலாம் என்று காட்டத்தான் அந்த அட்டவணை.

இனி, கை விழுந்த அண்ணனிடம் வரலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அடைப்பாக இருக்கலாம் என்று ஊகிக்க முடியும், பி.எச்.சி.யில் ஓர் இ.சி.ஜி. எடுத்தால் இன்னும் தெளிவாகும். மூளையில் அப்படி இல்லை. பக்கவாதத்தில் ஐந்தில் ஒன்றுபோல் அடைப்பே கிடையாது. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே கோணல் வாய், அதே குழறல், அதே தொங்கும் கை. எத்தனை அனுபவமுள்ள டாக்டரானாலும் சி.டி. ஸ்கேன் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்கு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கொடுத்தால், ஓட்டையை அடைக்க ஓடிவரும் தட்டணுக்களின் வாயை நாமே கட்டிவிடுகிறோம், அதுவும் ஒரு வாரத்துக்கு. மாத்திரையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கரைக்கும் ஊசிக்கும் இதே கதைதான். நெஞ்சில் அத்தனை உயிர்களைக் காத்த ஸ்ட்ரெப்டோகைனேஸை 1990-களில் பக்கவாதத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு கூடி, உயிரிழப்பும் கூடியதால் ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆல்டெப்ளேஸ் என்ற வேறு மருந்துதான் 1995-ல் வந்த ஓர் ஆய்வில் வழி திறந்தது. அதுவும் விலை இல்லாமல் இல்லை. அந்த ஆய்வில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் மூளையில் ரத்தம் கசிந்தது. போடாதவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் மூன்று மாதம் கழித்து, ஊனம் ஏறக்குறைய இல்லாமல் எழுந்து நடந்தவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம்.

இந்த ஊசியைப் போட முதலில் மூன்று மணி நேரமாக இருந்த கெடு, 2008-ல் வந்த ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரமானது. வாசகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். துணை சுகாதார நிலையத்தில் ஏதாவது கொடுத்துவிட்டால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நீளாது. கடிகாரம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, அறிகுறி தென்பட்ட நிமிடத்தில் தொடங்குகிறது. அதைப் பார்த்தவர் யாரும் இல்லையென்றால், அவர் நன்றாக இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நேரத்தில் தொடங்குகிறது.

கம்பைநல்லூரை வைத்தே கணக்குப் போடலாம். காலை ஆறு மணிக்கு, டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே டம்ளர் கை நழுவுகிறது. 'காத்து அடிச்சிருக்கும்' என்று எண்ணெய் நீவுவதில் அரை மணி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன். கார் பேசி வருவதற்குள் எட்டு மணி. தர்மபுரி ஏறத்தாழ 25 கி.மீ.; ஒன்பதுக்குள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சி.டி., சர்க்கரை அளவு, பி.பி., எடை, கையெழுத்து என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். பத்தரைக்குக் கெடு முடிகிறது. இதில் யாரும் சோம்பலாக இருந்துவிடவில்லை. நடுவில் உள்ளூர் கிளினிக்கில் ஒரு டிரிப் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று நின்றிருந்தால் எல்லாம் போச்சு.

இன்னொரு கணக்கு இதைவிடக் கொடுமை. இரவு பத்து மணிக்குப் படுத்தவர், சொசைட்டிக்குப் பால் ஊற்ற நாலரைக்கு எழும்போது கை வரவில்லை. சட்டப்படி அவருடைய கடிகாரம் பத்து மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டரைக்கு, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கெடு முடிந்துவிட்டது. இப்படி எழும்போது விழுந்தவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடலாம் என்று 2018-ல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆனால் விடியற்காலையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, அதைப் படித்துச் சொல்ல ஆளும் இருக்க வேண்டும்.

மாரடைப்புக்கு இந்த நெருக்கடி கொஞ்சம் தளர்வு. கரைக்கும் ஊசிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை இடமுண்டு. ஆனால் முதல் மணி நேரத்தில் போட்டதற்கும் பத்தாவது மணியில் போட்டதற்கும் பிழைக்கும் இதயத் தசையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தமிழ்நாட்டுக்கே சொந்தமான ஆதாரமும் இதற்கு உண்டு. கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு அது. சிறு ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். முதலில் கிடைக்கும் இடத்தில் ஊசி, அடுத்த நாளுக்குள் பெரிய இடத்தில் ஆஞ்சியோ. 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் இருந்த நாட்களின் இறப்பு விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறவே இல்லை. பலனைத் தந்தது எந்த ஒரு மருந்தும் அல்ல, ஆளை இடம் மாற்றிக் கொண்டுபோன ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் மலிவானதும் படம் எடுக்க வசதியானதும் மாத்திரைக் கவர்தான் என்பதால் அதற்கே விளம்பரம் அதிகம் கிடைக்கிறது என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

தடுப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே பி.பி., சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுவருகிறது. நல்ல காரியம், 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. எத்தனை பேர் கதவைத் தட்டினோம் என்பது ஒரு கணக்கு. தட்டிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேருக்கு பி.பி. 140/90-க்குக் கீழே இறங்கியது என்பது வேறு கணக்கு. மேடையில் முதல் கணக்கைச் சொன்னால், இரண்டாவதைக் கேட்க வேண்டும்.

மற்ற கேள்விகள், வந்த வரிசையில்.

பி.பி. நார்மலாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா? மாத்திரையால்தான் நார்மல், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

உடம்பு நன்றாக இருக்கிறது, முன்னெச்சரிக்கையாகத் தினம் ஓர் ஆஸ்பிரின்? 2018-ல் வந்த ஆய்வுகளின்படி, இதய நோய் வராத முதியவர்களுக்கு அதனால் லாபமில்லை. ரத்தக் கசிவு மட்டும் கூடியது.

கை விழுந்தவருக்குத் தண்ணீர்கூட ஏன் கூடாது? விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

சர்க்கரை தாழ்ந்தாலும் இப்படி ஆகுமா? ஆகும், அதனால்தான் ஸ்கேனோடு விரல் நுனியிலும் குத்திப் பார்க்கிறார்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்? பி.பி. ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் ஆளைச் சாய்த்துவிடும்; டாக்டர் எழுதிக் கொடுக்காதவர் எடுக்கக் கூடாது.

பலமாக இருமினால் மாரடைப்பு நிற்குமா? வாட்ஸ்அப்பில் மட்டும்.

'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் மாரடைப்புக்குப் பணம் கிடைக்குமா? அது சாலை விபத்துக்கானது. மாரடைப்புக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

பதினான்கு மாத்திரையை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமா? வயிற்றுப்புண், ரத்தக் கசிவு வரலாறு இருப்பவருக்கும், 75 வயது தாண்டியவருக்கும் அளவே வேறு. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கூடாது.

மாத்திரை கொடுத்தபோது தந்த சீட்டு எதற்கு? எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். தர்மபுரியிலோ சேலத்திலோ பார்க்கும் டாக்டர் அதே மருந்தை இரண்டாம் முறை கொடுக்காமல் இருக்க, நோயாளியின் சட்டைப் பையில் அது இருந்தாக வேண்டும்.