படத்துக்குள்ளே விபரம் எழுதி வைப்போம்

யுத்தமும், 2004 டிசெம்பர் 26இல் வந்த சுனாமியும் இறக்கக்கண்டி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் எத்தனையோ குடும்பங்களின் உறுதிகளையும் உத்தரவுப் பத்திரங்களையும் கொண்டுபோயின. மிஞ்சிய படங்களைக் கைத்தொலைபேசியில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். முதியவர்களின் பேச்சையும் ஒலிப்பதிவு செய்கிறோம். ஆனால் படத்தில் உள்ள கிணறு யாருடையது, வேலிக்கு அப்பால் யாருடைய காணி என்பது பெரியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. அவர்களுக்குப் பின் அந்தப் படம் ஊமையாகிவிடும்.

முன்பு படத்தின் பின்புறத்தில் பேனையால் எழுதினோம். கணினிப் படத்துக்கும் அப்படியொரு பின்புறம் உண்டு. 1995இல் யப்பானில் வகுக்கப்பட்ட 'எக்ஸிஃப்' முறைப்படி, எடுத்த நாளையும் நேரத்தையும் கமெராவே கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. ஆட்களின் பெயர், காணியின் விபரம் ஆகியவற்றை நாமே சேர்க்க வேண்டும். எம்.பி.3 ஒலிக்கோப்பிலும் இதற்கு இடமுண்டு.

எப்படிச் செய்வது?

விண்டோஸ் கணினியில் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, 'புரொப்பர்ட்டீஸ்', அதன்பின் 'டீடெயில்ஸ்' என்பவற்றைத் திறந்தால் தலைப்பு, குறிப்பு என்னும் கட்டங்கள் தெரியும். அங்கே தமிழிலேயே எழுதலாம். யூனிக்கோட் எழுத்தில் எழுதுங்கள். பாமினி எழுத்தில் எழுதினால் வேறு கணினியில் வாசிக்க முடியாது.

நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தால் 'எக்ஸிஃப்டூல்' என்னும் இலவச மென்பொருள் உதவும். பில் ஹார்வி என்பவர் ஆக்கிய இது பல கோப்புகளில் ஒரேயடியாக விபரம் எழுதும். மாற்றாத மூலப்பிரதியையும் அருகில் வைத்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சுச் செய்தே இதை இயக்க வேண்டும் என்பதால், கணினி படித்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்.

எதை எழுதுவது?

1. படத்தில் இருப்பது என்ன, யார்.
2. ஊர், காணியின் பெயர், நான்கு எல்லைகள்.
3. எடுத்த ஆண்டு. உறுதியாகத் தெரியாவிட்டால் '1984 அளவில்' என்று எழுதுங்கள். பழைய படத்தை நேற்றுப் பிரதி எடுத்திருந்தால் கைத்தொலைபேசி நேற்றைய திகதியையே பதிந்திருக்கும்.
4. விபரம் சொன்னவர் யார், எப்போது சொன்னார்.

உதாரணம்: 'தோட்டக் கிணறும் வடக்கு வேலியும், இறக்கக்கண்டி, 1984 அளவில். நிற்பவர் பெரியப்பா. சொன்னவர் சின்னம்மா, 2024.' பெரியப்பா, சின்னம்மா என்று மட்டும் விடாமல் முழுப்பெயரையும் சேர்த்தால் பேரப்பிள்ளைகளுக்கும் விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதிய விபரம் நீங்கிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். சில படங்களில் எடுத்த இடமும் பதிந்திருக்கும். பிறருக்குக் கொடுக்குமுன் அது வேண்டுமா என்று யோசியுங்கள். யாரும் எழுதவும் மாற்றவும் கூடியதால், இக்குறிப்பு மட்டும் காணிக்கு அத்தாட்சியாகாது. ஆனால் பிரதேச செயலகத்திலோ நீதிமன்றிலோ கேட்கும்போது எந்தப் படம், எந்தச் சாட்சி என்று தேடி எடுக்க இது வழிகாட்டும். மூலக்கோப்பையும் காகிதப் படத்தையும் ஒருபோதும் வீசாதீர்கள். இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களோடு படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இவ்வாறு விபரம் சேர்த்தே பாதுகாக்கிறது. விபரமில்லாத கோப்பு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இந்த வாரம் பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்கள் அருகில் அமருங்கள். அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும்.