உங்களுக்குத் தெரியுமா? காரைத் தூக்குவது எண்ணெய், தாங்குவது இரும்பு
வீட்டு கராஜில் நிற்கும் நான்கு தூண் லிப்ட், ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தால் கம்பிவடங்களை இழுத்துக் காரைத் தூக்குகிறது. ஆனால் அடியில் ஆள் வேலை செய்யும்போது காரைத் தாங்க வேண்டியது தூண்களில் உள்ள இரும்புப் பூட்டுகள்தான். சீல் கசிந்தால் எண்ணெயின் அழுத்தம் இறங்கிவிடும், பூட்டு அசையாது. அதனால் தேவையான உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி, பாரம் நான்கு பூட்டுகளிலும் உட்காரும்வரை மெல்ல இறக்குவதே முறை.

பூட்டு இருக்கும்போது கம்பிவடத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் பாரம் வடத்தில்தான் தொங்குகிறது. கடற்காற்றும் உப்பளக் காற்றும் வீசும் தூத்துக்குடியில், உப்பின் குளோரைடு வடத்தின் இழைகளுக்குள் புகுந்து துருவை வேகப்படுத்தும். மேலே அடிக்கும் பெயிண்ட் அங்கே எட்டாது. அடிக்கடி சோதிப்பதும், தயாரிப்பாளர் சொன்னபடி மசகு இடுவதும், இழை அறுந்த வடத்தை மாற்றுவதுமே வழி.