விழுப்புரம் ரயில்வே பள்ளியில் தொடங்கிய நிலவுப் பயணம்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி, புதன்கிழமை. மாலை ஐந்தே முக்கால் மணி. பீனியா தொழிற்பேட்டையில் பட்டறைகளின் பகல் ஷிப்டு முடிந்து தொழிலாளர்கள் பஸ் நிறுத்தங்களுக்கு வரும் நேரம். அதே பீனியாவில், இஸ்ரோவின் கட்டுப்பாட்டு நிலையத்தில் வரிசை வரிசையாக அமர்ந்திருந்த விஞ்ஞானிகள் கண் இமைக்காமல் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலவுக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சந்திரயான் 3இன் 'விக்ரம்' கலம் இறங்கத் தொடங்கியிருந்தது. சுமார் 19 நிமிடங்கள். பூமியிலிருந்து யாரும் கை கொடுக்க முடியாது. கலம் தானே வேகத்தைக் குறைத்து, தானே இடம் பார்த்து, தானே இறங்க வேண்டும்.

ஆறு மணி நான்கு நிமிடத்துக்குக் கலம் தரையைத் தொட்டது. நிலவில் மெதுவாகக் கலம் இறக்கிய நான்காவது நாடு இந்தியா. தென்துருவத்தின் அருகே இறக்கிய முதல் நாடும் இந்தியாதான். கைதட்டல் ஓய்ந்ததும் மேடையில் பேசியவர்களில் ஒருவர் திட்ட இயக்குநர் திரு. ப. வீரமுத்துவேல். ஒல்லியான உருவம், அமைதியான பேச்சு. சில வாக்கியங்களில் முடித்துக்கொண்டார்.

யார் இவர் என்று நாடு முழுவதும் விசாரித்தபோது வந்த பதில் ரயில்வே காலனிகளில் வாழும் குடும்பங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. இவர் விழுப்புரத்துக்காரர். தந்தையார் தென்னக ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். பையன் படித்தது விழுப்புரம் ரயில்வே பள்ளியில்.

பத்தாம் வகுப்பு முடிந்தபோது

நிலவில் கலம் இறங்கிய அந்த நாட்களில் திரு. வீரமுத்துவேல் தம் படிப்பையும் வேலையையும் தமிழில் தாமே எடுத்துச் சொன்ன ஒரு காணொலிப் பேச்சு கைபேசிக்குக் கைபேசி பரவியது. பெரிய மனிதர்கள் இளமையைத் திரும்பிப் பார்க்கும்போது, சின்ன வயதிலேயே இன்னதாக வேண்டும் என்று தீர்மானித்து விட்டதாகச் சொல்வது வழக்கம். இவர் அப்படிச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தபோது அடுத்து என்ன படிப்பது என்பதே தமக்குத் தெரியாது என்கிறார். வீட்டில் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. வழி சொல்ல ஆள் இல்லை. நண்பர்கள் டிப்ளமோ சேர்ந்தார்கள். இவரும் விழுப்புரத்திலேயே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தார்.

விழுப்புரம் சென்னை எழும்பூரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திருச்சிக்குப் போகும் இரண்டு பாதைகளும் பிரியும் ஜங்ஷன் அது. காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் அங்கிருந்தே பாதைகள் பிரிகின்றன. அங்கே வளரும் பையனுக்கு ரயிலும் பட்டறையும் தெரியும். விண்வெளி தெரிய நியாயம் இல்லை. நண்பர்கள் போன வழியில் போனது அந்த வயதுக்கு இயல்பான காரியம்.

ஆனால் சேர்ந்த பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பாலிடெக்னிக்கில் இயந்திரப் பாடத்தைத் தொட்டதும் அவருக்கு அதில் ருசி பிறந்தது. டிப்ளமோவில் 90 சதவீத மதிப்பெண் வாங்கினார். அந்த மதிப்பெண் அவருக்கு அடுத்த கதவைத் திறந்தது. தாம்பரம் அருகே உள்ள ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில், தகுதி அடிப்படையிலான அரசு ஒதுக்கீட்டில் பி.இ. இடம் கிடைத்தது.

அங்கே எப்படிப் படித்தார்? ராத்திரி பகல் பாராமல் புத்தகத்தோடு கிடந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்வதை முழுக் கவனத்தோடு கேட்டு, அங்கேயே புரிந்துகொள்வதுதான் தம் வழக்கம் என்கிறார். மனப்பாடம் செய்த பாடம் பரீட்சை முடிந்ததும் போய்விடும். புரிந்த பாடம் அடுத்த பாடத்துக்கு உதவும்.

ஒரு படி, அப்புறம் அடுத்த படி

பி.இ. முடித்ததும் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்பு. முன்பு ஆர்.இ.சி. என்ற பெயரில் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த அதே கல்லூரி. அங்கிருந்தே கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸில் என்ஜினீயர் வேலை கிடைத்தது. நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்யும் பெரிய நிறுவனம் அது. நல்ல வேலை, நல்ல ஊர். பலர் அங்கேயே நின்றிருப்பார்கள்.

இவருக்கோ பறக்கும் இயந்திரங்களின் மேல் நாட்டம். வேலையை விட்டுப் பெங்களூர் வந்து எச்.ஏ.எல்.லில் ஹெலிகாப்டர் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தார். அதன் பின்னரே இஸ்ரோ. எச்.ஏ.எல். சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் தினமும் கடந்து போகும் விமானபுராவில் உள்ள செயற்கைக்கோள் மையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆரியபட்டா காலத்திலிருந்து நாட்டின் செயற்கைக்கோள் பணிக்குத் தாயகம் பெங்களூர். அந்த மையம் இப்போது யு.ஆர். ராவ் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இஸ்ரோவில் வேலை பார்த்துக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிப் பொருள், அதிர்வு. ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் குலுக்கலில் செயற்கைக்கோளுக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் பழுதாகி விடக் கூடாது. அந்த அதிர்வை எப்படி அடக்குவது என்பது கேள்வி. விழுப்புரம் பாலிடெக்னிக்கில் தொட்ட மெக்கானிக்கல் பாடம் இங்கே வந்து சேர்ந்தது.

பிறகு, சில கிலோ எடையே உள்ள சிறிய செயற்கைக்கோள்களைச் செய்யும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2017 பிப்ரவரி 15ஆம் தேதி ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் போனது பலருக்கு நினைவிருக்கும். அவற்றில் இந்தியாவின் இரண்டு சிறிய செயற்கைக்கோள்களும் இருந்தன. அடுத்து சந்திரயான் 2 திட்டத்தில் பொறுப்பு.

இந்த வரிசையைப் படித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். டிப்ளமோ சேரும்போது பி.இ. தெரியாது. கோவைக்குப் போகும்போது இஸ்ரோ உறுதியில்லை. ஆனால் நின்ற இடத்தில் அரைமனதோடு நின்றதில்லை. அதனால் அடுத்த இடத்துக்குப் போகும் தகுதி ஒவ்வொரு முறையும் கையில் இருந்தது.

தோல்விக்குப் பிறகு கிடைத்த பொறுப்பு

2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலை. சந்திரயான் 2இன் கலம் நிலவை நெருங்கும்போது, சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தது. கலம் வேகமாக மோதி நொறுங்கியது. அன்று இஸ்ரோ தலைவராக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான திரு. கே. சிவன் கண் கலங்கி நின்றதை நாடே பார்த்தது.

அதே ஆண்டு டிசம்பரில் சந்திரயான் 3 திட்டத்தின் பொறுப்பு திரு. வீரமுத்துவேலிடம் ஒப்படைக்கப்பட்டது. வெற்றி பெற்ற திட்டத்தை அடுத்து நடத்துவது ஒரு விதம். விழுந்த இடத்தில் மறுபடி நிற்பது வேறு விதம். எல்லோர் கண்ணும் இதன் மேல்தான் இருக்கும். இன்னொரு முறை தவறினால் சமாதானம் சொல்ல இடம் இல்லை.

இஸ்ரோ இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டது. எது சரியாக நடக்கும் என்று கணக்குப் போடுவதை விட்டு, எதெல்லாம் கெட்டுப் போகலாம், கெட்டாலும் கலம் எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். கால்கள் பலப்படுத்தப்பட்டன. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி செய்தார்கள். எரிபொருள் கூடுதலாக ஏற்றப்பட்டது. முன்பு அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிவாக்கப்பட்டது. வேகத்தை அளக்கப் புதிதாக ஒரு லேசர் கருவி பொருத்தப்பட்டது. இந்த வேலைகளின் நடுவே கொரோனா காலமும் வந்து போயிற்று.

2023 ஜூலை 14ஆம் தேதி பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. நாற்பது நாள் கழித்து பீனியாவில் கைதட்டல் கேட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு அது. ஆனாலும் பொறுப்பு என்று கேட்டால் விழுப்புரத்துப் பையனின் தோள் மேல்தான் இருந்தது.

பரிசுப் பணம் போன இடம்

2023 அக்டோபர் 2ஆம் தேதி, விண்வெளித் துறையில் சாதித்த ஒன்பது தமிழக விஞ்ஞானிகளுக்குத் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் பரிசு வழங்கியது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பெங்களூரில் சந்திரயான் 1 திட்டத்தை நடத்திய திரு. மயில்சாமி அண்ணாதுரை, திரு. சிவன், சந்திரயான் 2 திட்ட இயக்குநராக இருந்த திருமதி வனிதா, செங்கோட்டையிலிருந்து வந்து ஆதித்யா திட்டத்தை நடத்திய திருமதி நிகர் ஷாஜி ஆகியோரும் அந்த ஒன்பது பேரில் உண்டு.

திரு. வீரமுத்துவேல் தமக்குக் கிடைத்த 25 லட்சத்தையும் தாம் படித்த கல்வி நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அரசு ஊழியருக்கு அது சிறிய தொகை அல்ல. பட்டியலில் ஐ.ஐ.டி.யோடு விழுப்புரம் பாலிடெக்னிக்கும் இருந்தது. பெரிய பதவிக்குப் போனவர்கள் கடைசியாகப் படித்த பெரிய கல்லூரியின் பெயரைச் சொல்லுவார்கள். முதலில் ஏறிய சிறிய படியைச் சொல்ல மறப்பார்கள். இவர் மறக்கவில்லை.

அவர் ஏறிய படிகளை இன்னொரு கண்ணோடும் பார்க்க வேண்டும். ரயில்வே நடத்திய பள்ளி, பி.இ.யில் அரசு ஒதுக்கீட்டு இடம், மத்திய அரசின் திருச்சிக் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி., எச்.ஏ.எல்., இஸ்ரோ. பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடப்பவை. தொழிலாளி வீட்டுப் பிள்ளை மேலே ஏறுவதற்கு அவை ஏணி. பிள்ளையின் திறமை எவ்வளவு இருந்தாலும் ஏணி இல்லாமல் மாடி ஏற முடியாது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரிலும் பிற வெளியூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் ஒரே குழப்பம். அப்பா ஷிப்டுக்குப் போய்விடுவார். உறவினர்கள் ஊரில் இருப்பார்கள். பையனோ பெண்ணோ சிநேகிதர்கள் போகும் இடத்துக்குப் போவார்கள். திரு. வீரமுத்துவேலுக்கு நடந்ததும் அதேதான். அவருக்கு அது நன்மையாக முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியும் என்று இருந்துவிட முடியாது. ஆகவே சில விவரங்களைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது.

டிப்ளமோ என்பது படிப்பின் முடிவு அல்ல. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கர்நாடகத்தில் இதற்கு டி.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. தமிழகத்தில் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் பாலிடெக்னிக்கில் சேர வழி உண்டு. பி.இ. முடித்து 'கேட்' தேர்வில் தேறி எம்.டெக். சேருவோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கிறது. வீட்டுக்குப் பாரம் இல்லாமல் மேற்படிப்பு முடிக்கலாம்.

இன்னொன்று. இஸ்ரோ என்றால் டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்த பிட்டர், டர்னர், எலெக்ட்ரீசியன்களையும், டிப்ளமோ படித்தவர்களையும் இஸ்ரோ தேர்வு வைத்து எடுக்கிறது. விளம்பரங்களைக் கவனித்து வர வேண்டும், அவ்வளவுதான்.

தாம் ஒரு சாதாரண மனிதன், தம்மால் முடிந்தால் எல்லோராலும் முடியும் என்று திரு. வீரமுத்துவேல் அந்தப் பேச்சில் சொல்கிறார். ஒழுக்கம், முழு ஈடுபாடு, உழைப்பு என்று அவர் சொல்வது புதிதல்ல. எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதியிருப்பதுதான். ஆனால் ரயில்வே தொழிலாளியின் மகன் டிப்ளமோவில் தொடங்கி நிலவு வரை போய் நின்று சொல்லும்போது அந்தச் சொற்களுக்குப் பலம் கூடுகிறது.

அவர் அனுப்பிய கலம் இன்றும் நிலவில் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டு வாரம் வேலை செய்துவிட்டு அசையாமல் நிற்கிறது. இந்த ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்து என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். விழுப்புரத்தில் ஒரு பையனுக்கும் அன்று தெரியாமல்தான் இருந்தது.