வேன் வருவதற்குள்

எங்கள் தெருவுக்குப் பள்ளி வேன் 7.50-க்கு வரும். 7 மணிக்கே என் மாமியார், ஆஸ்துமா உள்ள பேரன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கோழிக்குஞ்சாட்டம் கத்துது. இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாங்கண்ணு" என்பார். அன்று டிராயிங் பீரியட் இருந்தால், "எனக்கு ஒண்ணுமே இல்லீங்ம்மா" என்பான் பையன். தமிழ்ப் பரீட்சையாக இருந்தால் அவனே நாலு தடவை இருமிக் காட்டுவான். வீட்டுக்காரர் வாயே திறக்காமல் வண்டிச் சாவியைத் தேடுவார். கடைசியில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் நிட்டிங்கில் இருக்கிறார். புருவம் வரைக்கும் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் வருவார். குளித்துவிட்டுத்தான் மகனைத் தூக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இந்த ஊரில் எங்களில் ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு ஷிப்ட் சம்பளம் போச்சு. அதனால் காலையில் நான் பிள்ளையின் நெஞ்சை மட்டும் பார்ப்பதில்லை, காலண்டரையும் பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முன்பு வெட்கப்பட்டு, என்னையே ஏமாற்றிக்கொண்டுதான் ஒரு தப்புச் செய்தேன்.

அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு நேரம். முந்தின ராத்திரி இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்து இருமினான். காலை 6 மணிக்கு நீல இன்ஹேலரில் இரண்டு பஃப் கொடுத்தேன், முகம் தெளிந்தது. 7.30-க்கு மறுபடி இழுப்பு. இன்னும் இரண்டு பஃப் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டேன். கம்பெனியில் மாதக் கடைசி.

10.40-க்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவனைப் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சு முட்டுகிற பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நானும்தான் சொல்லவில்லை. இன்ஹேலர் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்று லீவு. சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். தொண்டைக்குக் கீழே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் ஒட்டியது. "தண்ணி" என்றான். ஒரு மூச்சு வாங்கிவிட்டு, "வேணும்" என்றான்.

ஆக்சிஜன், நெபுலைசர், ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி. டாக்டரம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "6 மணிக்குக் குடுத்த மருந்து எத்தனை மணி வரைக்கும் தாங்குச்சு?"

நீல இன்ஹேலரில் இருப்பது சால்புடமால். இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். கொடுத்தால் நாலு மணி நேரமாவது தாங்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி கேட்கிறது என்றால் தசை மட்டும் இறுகவில்லை, குழாயின் உள்பக்கமே வீங்கிச் சளி அடைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். வீக்கத்தை நீலம் சரிசெய்யாது. "அன்னைக்கு அவன் வந்திருக்க வேண்டியது இங்கேதாங்க" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பள்ளிக்கூட முடிவு பாதிக்கு மேல் ராத்திரியே ஆகிவிடுகிறது. இருமலோ இழுப்போ தூக்கத்தைக் கலைத்ததா? மருந்து நாலு மணி நேரம் தாங்கியதா? தூக்கம் கலையாமல், மருந்தும் தாங்கியிருந்தால், மூக்கு ஒழுகினாலும், லேசாக இருமினாலும், இட்லி இறங்குகிறது, தம்பியோடு சண்டை போடுகிறான் என்றால் அவன் போகலாம். ஜலதோஷம் எல்லாப் பிள்ளைக்கும் வரும். காய்ச்சல் இருந்தால் மட்டும் பேச்சே இல்லை. நெஞ்சு சுத்தமாக இருந்தாலும், மாத்திரை போடாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் விட்ட பிறகே அனுப்புவேன். மற்ற பிள்ளைகளும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

சந்தேகமான காலைகளுக்குப் பீக் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. பீப்பி மாதிரி வாயில் வைத்து ஊதினால், ஊதும் வேகத்தை எண்ணாகக் காட்டுகிற பிளாஸ்டிக் கருவி. நின்றுகொண்டு மூன்று தடவை ஊதி, அதிகமாக வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும் நாட்களில் என் மகனுக்கு 220 வரும். அதில் 80 சதவீதம் 176, பாதி 110. அந்த இரண்டு இடத்திலும் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மேல் கோட்டைத் தாண்டினால் யூனிபார்ம். நடுவில் நின்றால் மருந்து கொடுத்துவிட்டுப் பார்ப்பேன், பெரும்பாலும் அன்று வீடுதான். கீழ்க் கோட்டுக்கும் கீழே போனால் நீலத்தைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி. இந்த எண்கள் அவனுக்கு மட்டும், உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கும். கருவியையும் ஏமாற்றலாம். ஒரு பரீட்சை நாளில் 150 என்று ஊதினான். "அப்ப ஸ்போர்ட்ஸ் டேக்குப் பேர் குடுக்கலையா சாமி?" என்று கேட்டேன். அடுத்த ஊதலில் 210.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்த கதையும் உண்டு. தும்மினால் லீவு, மேகம் கட்டினால் லீவு. அந்த வருஷம் 31 நாள் அவன் பள்ளிக்குப் போகவில்லை. மாமியார் விளக்கு வைக்கும் நேரத்தில் சாம்பிராணி போட, பக்கத்து அறையில் அவன் இருமிக்கொண்டு இருப்பான். வீட்டில் இருந்தால் நல்ல காற்று என்று யார் சொன்னது? கொசுவத்தியும் வீட்டில்தானே எரிகிறது. நண்பர்கள் இவனை விட்டுவிட்டு விளையாடப் பழகினார்கள். இவனும் தன்னை நோயாளி என்றே நம்ப ஆரம்பித்தான்.

31 என்ற எண்ணைக் கேட்டதும் டாக்டரம்மா பையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தினம் போடச் சொன்ன மருந்தைப் போடறீங்களா?" தினமும் போட வேண்டியது ஸ்டீராய்டு இன்ஹேலர், வீக்கத்தைக் குறைப்பது அதுதான். "பழகிடுமாமே" என்று மாமியார் பயந்தார். நானும் பயந்தேன். நன்றாக இருக்கும் வாரங்களில் நிறுத்திவிடுவோம். அது உள்ளே போகும் அளவு மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நேராக நுரையீரலுக்குப் போகிறது. பழக்கமெல்லாம் ஆகாது, போட்டதும் வாய் கொப்பளித்தால் போதும். போடும் விதமும் தப்பாக இருந்தது. இன்ஹேலரை நேரே வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தோம், பாதி மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது இன்ஹேலரைக் குலுக்கி, வாய்க்கும் அதற்கும் நடுவே ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயை வைத்து, ஒரு பஃப் அழுத்தி, ஐந்தாறு மூச்சு, பிறகுதான் அடுத்த பஃப். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் மருந்து பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் பளபளவென்று துடைத்து வைத்துக்கொண்டு இருந்தேன்!

லீவு எடுப்பதே வாடிக்கையாகிவிட்டால், கேட்க வேண்டியது தினசரி மருந்தைப் பற்றி. அனுப்பலாமா வேண்டாமா என்று காலையில் மல்லுக்கட்டுவது அதற்குப் பிறகு.

பள்ளியோடும் பேசினேன். பீரோ வேண்டாம், நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் அவன் பையிலேயே இருக்கட்டும், இன்னொன்று வகுப்பு ஆசிரியர் மேஜையில் என்று ஆனது. விளையாட்டு ஆசிரியர் இப்போது அவனை மரத்தடியில் உட்கார வைப்பதில்லை. ஓடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு டாக்டர் சொன்னபடி பஃப் எடுத்துக்கொண்டு கபடியில் இறங்குகிறான். சாக்பீஸ் தூள் பறக்கிற கரும்பலகைக்கு நேர் எதிரே இருந்த அவன் இடமும் மாறியது.

அவன் பள்ளி டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார வைக்கவும். நீலம் ஒவ்வொன்றாக 4 பஃப். 20 நிமிடத்தில் அடங்காவிட்டால் மறுபடி 4, கூடவே அம்மாவுக்குப் போன். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா ஒட்டுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் அம்மாவுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 108. விசில் சத்தம் நின்றும் பிள்ளை சோர்ந்தே கிடந்தால் அதுவும் 108தான். காற்றே போகாதபோதும் சத்தம் வராது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அவன் கணக்குக்கு ஒரு தாள் எழுதி வாங்குங்கள்.

இந்த அரையாண்டு வரைக்கும் என் மகன் எடுத்த லீவு 5 நாள். அதில் இரண்டு என் தங்கச்சி கல்யாணத்துக்கு.