உப்பு வாங்கப் போன சைக்கிள்

பிரம்மதேசம் என்று சொன்னதும், "அம்பாசமுத்திரம் பக்கத்திலே இருக்கே, அதுவா?" என்று கேட்பார்கள். செய்யாறு பக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்பவர்களும் உண்டு. எங்களுடையது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிற பிரம்மதேசம்.

இருபது வருஷமாக இந்தச் சாலையில் பஸ்ஸில் போய் வருகிறேன். ஜன்னல் வழியாக வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் தெரியும். "உப்பளம்" என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அவ்வளவுதான். இறங்கிப் பார்த்ததில்லை. போன மார்ச் மாதம் ஒரு நாள் சைக்கிளில் போனேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் என்னுடையது இல்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள். அவள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன பிறகு கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெண் பிள்ளை சைக்கிள் ஏறினால் எங்கள் வீட்டில் காலை ஒடித்திருப்பார்கள்! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், பூ விற்கிறவர்கள், நர்ஸம்மாக்கள் எல்லாரும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் 43 வயசில்தான் வாய்த்தது. ஏரிக்கரையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 150க்கு 100! "உப்பைக் குறைங்க, தினமும் உடம்பை அசைங்க" என்றார் டாக்டரம்மா. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது. சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாவற்றிலும் சேர்த்து மொத்தமே ஒரு டீஸ்பூன். நான் என்ன தொழில் செய்கிறேன் தெரியுமோ? எங்கள் மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து மாங்காய் ஊறுகாய் போடுகிறோம். டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

மாங்காய் வரத்துக்கு முன்னால் மரக்காணத்தில் முடிக்க வேண்டிய வேலை மூன்று. ஒரு கடைக்குப் பன்னிரண்டு பாட்டில் கொடுக்க வேண்டும். பழைய பாக்கியை வசூல் பண்ண வேண்டும். ஒரு மூட்டை கல் உப்புக்குச் சொல்லிவிட்டு வரவேண்டும். அயோடின் சேர்த்த உப்புதான். சாப்பாட்டுக்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்கக் கூடாது என்று 2006லிருந்து சட்டம் இருக்கிறது. முன்கழுத்துக் கழலை வராமல் இருக்க அது வேண்டும்.

"பஸ்ஸில் போயேன், என்ன பைத்தியம்?" என்றார் வீட்டுக்காரர். நிதானமாக மிதித்தால் ஒன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். பாட்டில்களைப் பழைய துணியில் சுற்றிக் கேரியரில் கட்டினேன். ஒரு பாட்டில் மோர், ஒரு டப்பா தயிர்சாதம். தலைக்கு ஈரத் துண்டு. வெயிலில் சைக்கிள் மிதிக்கும் சகோதரிகள் இந்த மோரை மட்டும் மறக்காதீர்கள்.

பாட்டில்களை இறக்கியாயிற்று. பாக்கி பாதிதான் வந்தது. "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்று கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் வந்திருந்தால் அந்த எரிச்சலோடு அப்படியே திரும்பியிருப்பேன். சைக்கிள் கையில் இருந்ததால் கால்வாய்ப் பக்கம் திருப்பினேன்.

எங்கள் பக்கம் பெரிய ஆறு கிடையாது. பிள்ளைகளுக்குப் பக்கிங்காம் கால்வாய்தான் ஆறு. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806ல் வெட்ட ஆரம்பித்ததாம். பிறகு வடக்கே ஆந்திராவுக்கும் தெற்கே எங்கள் மரக்காணம் வரைக்கும் நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களைக் கொண்டு சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். பேர் மட்டும் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று! லாரி வராத காலத்தில் உப்பும் சவுக்கு விறகும் படகில் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போயின.

கரையோரம் மிதிக்க மிதிக்க சேற்று வாசனையும் உப்பு வாசனையும் மாறி மாறி வந்தது. தெற்கே கழுவேலி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். 2024ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆழமில்லாத தண்ணீரில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கூட்டம். பூநாரை! இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

அங்கேதான் 'புஸ்' என்றது. சீமைக்கருவேல முள். பின் சக்கரம் தரையோடு ஒட்டிவிட்டது. மணி பதினொன்று. கண்ணுக்கெட்டிய வரை மனுஷர் இல்லை. வீட்டுக்காரர் சொன்னது காதில் ஒலித்தது. கண் முட்டிக்கொண்டு வந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். மோட்டார் சத்தம் கேட்ட திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

உப்பளம். மோட்டார்க்காரத் தம்பி பஞ்சர் பெட்டி வைத்திருந்தார். "உக்காருங்க, கை வேலை முடிச்சுட்டு ஒட்டித் தர்றேன்" என்றார். ஓலைக் கொட்டகை நிழலில், அறுபது வயசு இருக்கும், ஓர் அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"தனியாவா வந்தே கண்ணு? இன்னா தைரியம்!" என்றார். எனக்குப் பாதி அழுகை நின்றது.

அந்த அக்காவிடம் கேட்டுத்தான் உப்பு எப்படி விளைகிறது என்று தெரிந்துகொண்டேன். முதலில் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரி சொச்சம். அது 25 டிகிரிக்கு ஏறினால் உப்பு பூக்கும். அதற்கென்று கண்ணாடிக் கருவி இருக்கிறது. 30 டிகிரியை எட்ட விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும், அதனால் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். பாகு பதம் தவறினால் அதிரசம் கெட்டுப்போகிற மாதிரிதான்! ஆண்கள் பலகையால் வாரிக் கூட்ட, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள்.

"கருவி எதுக்கு? காலை வச்சா தெரியும்" என்றார் அக்கா. அந்தக் காலைப் பார்த்தேன். பாதம் முழுக்க வெடிப்பு, விரலிடுக்கில் புண். பூட்ஸ் இருக்கிறதாம், உள்ளே தண்ணீர் போய்விட்டால் இன்னும் மோசமாம். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் குத்துகிறது. அரை மணியில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. ஒரு நாள் கூலி கேட்டேன். என் ஊறுகாய் நாலு பாட்டில் விலை கூட இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் அதுவும் கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தை அரசு 2022ல் கொண்டு வந்தது. "அது வந்தா கடன்ல பாதி போவும்" என்றார்.

தயிர்சாதத்தைப் பங்கு போட்டேன். ஒரு வாய் வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா... உப்பே போடலியா?"

சுற்றிலும் மலை மலையாக உப்பு! பி.பி. விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உனக்கு வேணாம், எனக்கு வேணும்" என்று எட்டிக் குவியலில் ஒரு துளி கிள்ளித் தன் பங்கில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "எனக்கும் ஒரு தபா பாத்தாங்க. ஜாஸ்தின்னு மாத்திரை குடுத்தாங்க. அப்பறம் போவல" என்றார். நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க முடியாதாம்.

என்ன பதில் சொல்வது? தலை சுற்றுகிறதா, காலையில் தலை கனக்கிறதா என்று எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021ல் அரசு தொடங்கிய திட்டத்தில் பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவில் நானே வாங்குகிறேன். அவருக்கு அது தெரியவில்லை. மோட்டார்க்காரத் தம்பி செல்போனில் அவர் தெருப் பேரையும் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் கேட்டால் அந்தப் பக்கத்து நர்ஸம்மாவுக்குச் சொல்வார்.

பஞ்சருக்குத் தம்பி காசு வாங்கவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பினேன். கடல் காற்று முதுகில் தள்ளியது. வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

மறுநாளே நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாக்கி வசூலுக்கு அடுத்த வாரம் போக வேண்டும். ஒரு காற்றடிக்கும் பம்பு வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு டப்பா தயிர்சாதம். ஒன்றில் மட்டும் உப்பு, அதுவும் கொஞ்சமாக.